தாய்மடி என்றொரு இடம் இல்லை

மன்னிப்புக் கேட்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை படித்துவிட்டு, 'கேட்பாள் என்று நினைத்தோமே' என்று யாரும் ஏமாந்துபோகக் கூடாது. விசாரணைக் குழு அதட்டிக் கேட்டது, தன்மையாகக் கேட்டது, கடைசியில் டீ வாங்கிக் கொடுத்தும் கேட்டது. டீயைக் குடித்தேன். மன்னிப்பு மட்டும் வரவில்லை.

என் பெயர் ஜெசிந்தா பர்னாந்து. சொந்த ஊர் தூத்துக்குடி. வேலை கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் விண்படக் கூடத்தில். நெடுங்கண் என்று ஒரு தொலைநோக்கியை வானத்தில் மிதக்கவிட்டிருக்கிறோமே, அதை இங்கிருந்துதான் ஆட்டுவிக்கிறோம். அதில் உன் வேலை என்ன என்று யாராவது கேட்டால், கண்ணாடி துடைப்பவள் என்று சொல்வேன். நெடுங்கண்ணின் கேமராவுக்கு நாளாக ஆகப் பார்வை பிசகும். அதனால் வாரா வாரம், நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளை அதைக்கொண்டு படமெடுத்து, 'நீ பார்ப்பது சரிதானா' என்று சோதிக்க வேண்டும். இதற்கு அளவுப்படம் என்று பெயர். எதைப் படமெடுப்பது என்று முடிவு செய்வது நான்தான். மற்ற விஞ்ஞானிகள் நெடுங்கண்ணில் ஒரு மணி நேரம் கிடைக்காதா என்று வருஷக்கணக்கில் வரிசையில் நிற்பார்கள். எனக்கு வரிசை கிடையாது. கண்ணாடி துடைக்க எந்த ஊரில் அனுமதி கேட்கிறார்கள்?

அளவுப்படத்தை எப்போதும் ஜோடியாகத்தான் எடுப்போம். ஒரே பொருள், இரண்டு படம். இரண்டும் அச்சாக ஒத்துப்போனால் கேமரா நலம். ஜோடி சேராவிட்டால் எங்கேயோ கோளாறு. இந்த வழக்கத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சண்டையும் இதில்தான் வந்தது.

வேழத்தை உங்களுக்கே தெரியும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றித் திரியும் பாறைகளில் பெரிய பாறை அது. குறுக்களவு சென்னைக்கும் திருச்சிக்கும் உள்ள தூரம் இருக்கும். நெடுங்கண் எடுத்த வேழத்தின் படம் வெளிவந்த அன்று ஊரே கூத்தாடியது. அதுவரை மங்கலான புள்ளியாக இருந்தது முதல் முறையாக முகம் காட்டியது. அந்த முகத்தின் நட்டநடுவில் பளிச்சென்று ஒரு சமவெளி. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் வாக்கெடுத்து அதற்குத் தாய்மடி என்று பெயர் வைத்தார்கள். தபால்தலை வந்தது, பனியன் வந்தது, எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் பாக்கெட்டில்கூடத் தாய்மடி வந்தது. அந்தப் பெருமையில் நானும் ஒரு பாக்கெட் வாங்கித் தின்றவள்தான். பொய் சொல்வானேன்?

படத்தை உருவாக்கியவர் எங்கள் இயக்குநர் டாக்டர் வைகுந்தன். வேழம் தன்னைத்தானே ஒரு முறை சுற்ற ஆறு மணி நேரம் ஆகிறது என்று வாலிப வயதிலேயே கண்டுபிடித்தவர். பாடப்புத்தகத்தில் பெயர் இருக்கிறது. அந்த ஆறு மணி நேரத்தை வைத்துத்தான் படமும் எடுத்தார். அவ்வளவு தூரத்துப் பாறையை ஒரு தடவை படமெடுத்தால் புகை மூட்டமாகத்தான் வரும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அதே முகம் நம் பக்கம் திரும்புகிறதல்லவா? அப்போதெல்லாம் ஒரு படம். இப்படி நூற்றுக்கணக்கில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் புகை விலகி முகம் தெரியும். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாததையெல்லாம் அழுக்கு என்று கம்ப்யூட்டர் தள்ளிவிடும்.

படத்தை நம்பி ஐந்து பேர் வேழத்துக்குக் கிளம்பிப் போனார்கள். கலத்தின் பெயர் தோணி. தாய்மடியில் இறங்கி, தோண்டி, அடியில் கிடக்கும் பனிக்கட்டியை எடுத்து, அதிலிருந்து எரிபொருள் செய்துகொண்டு திரும்ப வேண்டும். போகும்போது கொண்டுபோன எரிபொருள் ஒரே ஒரு பிரேக்குக்கு மட்டும்தான் போதும். அந்தப் பிரேக்கை எந்த நேரத்தில் போடுகிறார்களோ, அதை வைத்துத்தான் எங்கே இறங்குவார்கள் என்பது. போட்ட பிறகு இடத்தை மாற்றிக்கொள்ள முடியாது.

தோணியின் தலைவன் கிளமெண்ட் மச்சாது. என் புருஷன். முன்னாள்.

கிளமெண்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எனக்கு வராது. விவாகரத்து கேட்டுப் போனபோது கோர்ட்டில் அவன்மேல் பதினோரு குற்றம் சொன்னேன். முதல் குற்றம், சொன்ன வாக்கைக் காப்பாற்ற மாட்டான். 'சரி' என்பான், அவ்வளவுதான், அந்தச் 'சரி' காற்றோடு போய்விடும். நான் பேசும்போது ஜன்னலைப் பார்ப்பான் என்பது நாலாவதோ ஐந்தாவதோ. அவன் பதிலுக்கு, பதினொன்றும் பொய் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அதில்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செய்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், செய்யவில்லை என்று சொன்னானே! ஆனால் என்னைப் படுத்திய பாட்டுக்கு ஒருவன் பள்ளத்தில் விழுந்து சாகட்டும் என்று நினைக்க நான் என்ன பேயா?

தோணி பிரேக் போட ஒரு வாரம் இருந்தது. அந்த வார அளவுப்படத்துக்கு மற்ற வாரங்களைவிட மதிப்பு அதிகம். இறங்கும்போது தோணியின் கேமரா தன்னைச் சரிபார்த்துக்கொள்வது நாங்கள் அனுப்பும் ஜோடியை வைத்துத்தான். வழக்கமாக ஏதாவது ஒரு நட்சத்திரத்தை எடுப்பேன். அந்த வாரம் வேழத்தையே எடுத்தேன். அது பூமிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்ததால் ஒற்றைப் படத்திலேயே முகம் ஓரளவு தெரியும். தவிர, அவர்கள் இறங்கப் போகும் இடத்தையே அளவாகக் கொடுத்தால் நல்லதுதானே என்று ஒரு நல்லெண்ணம். ஒரு படம் எடுத்தேன். சரியாக ஆறு மணி நேரம் கழித்து, அதே முகம் திரும்பியதும் இன்னொன்று எடுத்தேன்.

ஜோடி சேரவில்லை.

என் கேமராவைத்தான் முதலில் திட்டினேன். ஒரு நட்சத்திரத்தை ஜோடியாக எடுத்துப் பார்த்தேன். அச்சாகச் சேர்ந்தது. மறுபடி வேழத்துக்கு வந்தேன். மறுபடி சேரவில்லை. ஒரு படத்தில் நடுவே கன்னங்கரேலென்று ஒரு பள்ளம். இன்னொன்றில் அதே இடத்தில் ஒரு மேடு. இரண்டிலும் தாய்மடியைக் காணோம். என்ன கருமம் இது என்று இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். வைத்த கையோடு தாய்மடி வந்துவிட்டது. தபால்தலையில் இருக்கிறதே, அதே தாய்மடி.

நேரே வைகுந்தன் அறைக்குப் போனேன். மரியாதையான மனிதர். எழுந்து நின்று, "உட்காருங்க ஜெசிந்தா" என்றார்.

"சார், வேழம் சுத்துறதுக்கு ஆறு மணி நேரம் இல்ல. பன்னெண்டு."

சிரித்தார். "முப்பது வருஷமா ஆறுதான்."

"நீங்க அன்னிக்கு என்ன பார்த்தீங்க? பாறை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மங்குது. அதனால எங்கேயோ ஒரு கருப்புத் திட்டு இருக்கு, அது ஆறு மணிக்கு ஒரு தடவை நம்ம பக்கம் வருதுன்னு கணக்குப் போட்டீங்க. முகத்தில ஒண்ணு, முதுகுல ஒண்ணுன்னு ரெண்டு திட்டு இருந்தா?"

சிரிப்பு நின்றது. நான் இரண்டு படத்தையும் மேஜைமேல் வைத்தேன்.

"ஆறு மணிக்கு ஒரு தடவை முகம்னு நினைச்சு நாம எடுத்ததில பாதி முகம், பாதி முதுகு சார். முகத்தில பள்ளம், முதுகுல மேடு. பள்ளத்துக்கு நிழல் வெயில் வர்ற பக்கமா விழும். மேட்டுக்கு மறுபக்கமா விழும். ஒண்ணு மேல ஒண்ணு வச்சா நிழலும் நிழலும் கழிஞ்சு போச்சு. நிழல் இல்லாத இடத்தைப் பார்த்து நாம சமவெளின்னுட்டோம். என் பாஸ்போர்ட் போட்டோவையும் உங்க பாஸ்போர்ட் போட்டோவையும் சேர்த்து அடிச்சு, இவரைப் பஸ் ஸ்டாண்டில போய்க் கூட்டிட்டு வான்னு அனுப்பியிருக்கோம்."

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை நான் பார்த்தேன். பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார். பிறகு, "உங்க கேமராவில ஏதோ கோளாறு" என்றார்.

"நட்சத்திரம் அச்சாச் சேருது சார்."

"அப்படியே இருந்தாலும், கிட்டப் போனதும் அவங்களே பார்த்துக்குவாங்க."

"எங்க பார்ப்பாங்க? இருட்டுப் பக்கமா இல்ல வர்றாங்க! வெளிச்சப் பக்கம் கண்ணுக்குத் தெரியும்போது பிரேக் போட்டு முடிஞ்சிருக்கும். கீழே தரையே இல்லாத ஓட்டையில இறங்குவாங்க. இல்லேன்னா சரிவுல உருண்டு போவாங்க."

"வேற எங்க இறங்கச் சொல்றீங்க?"

"வடக்கு முனையில. மாற்று இடம்னு நீங்களே குறிச்சு வச்சதுதானே? பனிக்கட்டி அங்கயும் உண்டு. பம்பரம் எவ்வளவு வேகமாச் சுத்தினாலும் ஆணி நிக்கிற இடம் மாறுதா? ஆறு மணியோ பன்னெண்டு மணியோ, முனை எல்லாப் படத்திலயும் முனைதான். அங்க மட்டும்தான் உங்க படம் உண்மை."

எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தாழ்ந்துவிட்டது. "ஜெசிந்தா, இந்தப் படம் தப்புன்னு வெளியே போனா நெடுங்கண்ணையே மூடிருவாங்க. எத்தனை பேர் சோறு தெரியுமா இது? எத்தனை மந்திரிங்க வாசல்ல நின்னு கொண்டுவந்தது? தோணி உறுதியான கலம். பள்ளமாவே இருந்தாலும் பிழைச்சுக்க ஒரு வாய்ப்பு இருக்கு."

"வாய்ப்பா?"

"இன்னொண்ணையும் யோசிங்க. நீங்க கிளமெண்டோட முன்னாள் மனைவி. நீங்க வாயைத் திறந்தா, அவர் பேரைக் கெடுக்கத்தான் இந்தம்மா குறுக்கே விழுறாங்கன்னு ஊர் பேசும்."

"பேசட்டும் சார். செத்தவங்க காதில அது விழாது."

"நட்சத்திர ஜோடியை அனுப்புங்க," என்றார். "இது உத்தரவு."

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் நாலு கெட்ட வார்த்தை சொல்லி மனம் ஆறியிருப்பேன். தன் ஆறு மணி நேரத்தைக் காப்பாற்ற ஐந்து பேரை வாய்ப்பின் கையில் விட்ட ஒரு நல்ல மனிதரை என்னவென்று திட்டுவது?

தோணிக்கு நான் நேராகப் பேச முடியாது. பேச்சு எல்லாம் வைகுந்தன் அறை வழியாகத்தான் போகும். குடும்பத்தார் மட்டும் தினம் ஒரு செய்தி அனுப்பலாம். நான் குடும்பம் இல்லை, கோர்ட் முத்திரையோடு வெளியே வந்தவள். ஆனால் என் மகள் ரெபி குடும்பம்.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். ரெபி காலேஜிலிருந்து வந்து மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உடம்பில் தாய்மடி பனியன்.

"ஏட்டி ரெபி, அப்பாவுக்கு இன்னிக்கு மெசேஜ் அனுப்பிட்டியா?"

"இனிமேதான். ஏம்மா?"

சொன்னேன். முகம், முதுகு, பள்ளம், மேடு எல்லாம் சொன்னேன். பாதியிலேயே கையைத் தட்டில் உதறிவிட்டு எழுந்துவிட்டாள்.

"ம்மா, சின்னப் பிள்ளையில இருந்து நான் உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரி. 'உங்கப்பாட்ட சொல்லு', 'உங்கம்மாட்ட சொல்லு'. ஒரே வீட்டுக்குள்ள! இனிமே பிள்ளையை நடுவுல விட மாட்டேன்னு கோர்ட்டுல நீங்க சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன? அப்பாவுக்கு வாழ்க்கையில இது ஒண்ணாவது ஒழுங்கா நடக்கட்டுமே. அதையும் புடுங்கணுமா உங்களுக்கு?"

"படத்தைப் பாருட்டி. பாத்துட்டுப் பேசு."

பார்க்கவில்லை. கழுதை, அப்படியே அப்பன் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். அவளைப் பிறகு நான் கேட்கவே இல்லை. இதை இங்கே நன்றாகச் சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

மிச்சம் இருந்தது என் வேலை ஒன்றுதான்.

தோணியில் ஓர் ஏற்பாடு உண்டு. வந்த ஜோடியைப் பிரேக் போடும் நாளன்றுதான் மெஷின் எடுத்துச் சேர்த்துப் பார்க்கும். சேர்ந்தால் சத்தம் போடாமல் எடுத்துக்கொள்ளும். சேராவிட்டால், இரண்டு படத்தையும் தலைவன் கண்முன்னால் போட்டு, 'நீயே பார்த்துச் சொல்' என்று நின்றுவிடும். அவன் பார்த்து முடிவு சொல்கிற வரை பிரேக் கணக்கே ஓடாது. ஒரு வார்த்தை எழுத எனக்கு உரிமை இல்லாவிட்டால் என்ன? படம் அனுப்ப உரிமை இருக்கிறதே. பதினைந்து வருஷம் நான் சொன்ன எதையும் பார்க்காத மனுஷனை, உட்கார்ந்து பார்க்க வைக்க ஒரு மெஷின் கிடைத்தது.

வேழத்தின் ஜோடியை அனுப்பினேன். சேராது என்று தெரிந்தே அனுப்பினேன். கை தவறவில்லை, தூக்கக் கலக்கம் இல்லை, குழப்பம் இல்லை. குழு இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. 'தவறுதலாக நடந்தது என்று சொல்லுங்களேன்' என்று அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். நான் செய்ததிலேயே உருப்படியான காரியத்தைத் தவறுதல் என்று சொல்லச் சொன்னால் எப்படி?

சாயங்காலத்துக்குள் வைகுந்தனுக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் நிற்கும் காவலர் வந்து, "மேடம், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லி என் அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

பிரேக் போடும் நாளன்று எனக்கு உள்ளே இடமில்லை. வெளியாட்கள் வரக்கூடிய கேண்டீனில் போய் உட்கார்ந்தேன். அங்கே பெரிய டிவி இருந்தது. நாடு முழுக்க நேரலை. கூடத்து ஆட்கள் பாதிப்பேர் அங்கேதான் நின்றார்கள். நேற்றுவரை என்னோடு சேர்ந்து வடை தின்றவர்கள், நான் உட்கார்ந்த மேஜையை விட்டுத் தள்ளி நின்றார்கள்.

வைகுந்தன் குரல் கேட்டது. நிதானமான குரல். "தோணிக்கு. வந்த அளவுப்படம் கேமரா கோளாறால் பிழையானது. பொறுப்பாளர் நீக்கப்பட்டுவிட்டார். ஜோடியைத் தள்ளிவிட்டுத் தாய்மடிக்கே பிரேக் போடவும்."

இந்தச் சொல் அங்கே போய்ச் சேரக் கால் மணி நேரம். பதில் வரக் கால் மணி நேரம். அந்த அரை மணியை நான் எப்படிக் கடந்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். டீ ஆறிப்போனது. பின்னால் யாரோ மெதுவாக, "புருஷன்மேல இருக்கிற வஞ்சத்தை இதிலயா காட்டுறது?" என்றார்கள்.

திரும்பினேன். "முன்னாள் புருஷன். சொல்றதைச் சரியாச் சொல்லுங்க."

அப்போது டிவியில் கரகரப்பு கேட்டது. கிளமெண்டின் குரல்.

"கோவில்பட்டி, தோணி பேசுது. ரெண்டு படமும் என் முன்னால இருக்கு. ஒண்ணுல பள்ளம், ஒண்ணுல மேடு. சேத்து வச்சா தாய்மடி. கேமராவுல கோளாறுன்னு டைரக்டர் சொல்லுதாரு. அந்தக் கேமராவைப் பாத்துக்கிடுத ஆளு யாருன்னு எனக்குத் தெரியும். பதினஞ்சு வருசம் அவகூடக் குடும்பம் நடத்திருக்கேன்."

பதிலை நிறுத்திவிட்டானோ என்று நினைத்தேன். ஜன்னலைப் பார்த்திருப்பான்.

"கோர்ட்டுல அவ எம்மேல பதினோரு குத்தம் சொன்னா. பதினொண்ணும் பொய்யின்னு நான் கையெழுத்துப் போட்டேன். இப்ப ஊரே கேக்கட்டும், சொல்லுதேன். பதினொண்ணும் நெசம். ஒண்ணைக்கூட அவ கூட்டிச் சொல்லல. கட்டின புருசனைப் பத்தியே கூட்டிச் சொல்லாதவ, ஒரு பாறையைப் பத்தியா பொய் சொல்லப் போறா? நாங்க அஞ்சு பேரும் பேசிட்டோம். வடக்கு முனைக்குப் போறோம்."

நான் அழுதேன். மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். நாலு வருஷம் கழித்து, அதுவும் நாட்டையே சாட்சிக்கு வைத்துக்கொண்டு ஒத்துக்கொள்கிறான் பாவி! அதை அன்றைக்கே கோர்ட்டில் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

முனையில் இறங்கினார்கள். கரடுமுரடான இடம். கலத்தின் ஒரு கால் வளைந்தது, ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அங்கே சூரியன் மறையாதாம், அடிவானத்தை ஒட்டியே உருண்டு போகுமாம். ஒரு பாறைக்கு மேலிருந்து கிளம்பிய சூரியன் அதே பாறைக்குத் திரும்பி வர எவ்வளவு நேரம் என்று பார்த்தார்கள். பன்னிரண்டு மணி நேரம். ஐந்து பேரும் அதைப் பார்த்த பிறகு எந்தப் பாடப்புத்தகம் என்ன சொன்னால் என்ன?

நெடுங்கண்ணை யாரும் மூடவில்லை. கடலைமிட்டாய் பாக்கெட்டில் படம் மாறியது, அவ்வளவுதான். 'மேம்பட்ட ஆய்வின்படி வேழத்தின் சுழற்சி நேரம் திருத்தப்பட்டது' என்று கூடம் ஓர் அறிவிப்பு விட்டது. யார் திருத்தியது என்று அதில் இல்லை. எனக்கு வந்தது விசாரணை. தவறான ஜோடியை அனுப்பியதற்கு வருந்துகிறேன் என்று ஒரு வரி சொன்னால் வேலை திரும்பக் கிடைக்குமாம்.

"எது தவறு?" என்று கேட்டேன். "ரெண்டு படமும் சரியான படம். சேர்த்ததுதான் தவறு. சேர்த்தது நான் இல்ல."

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. சளைக்காதவர். "ஜோடி ஒருபுறம் இருக்கட்டும்மா. நீங்க உங்க மகள் மூலமாவும் தோணித் தலைவரோட மனசை மாத்த முயற்சி பண்ணினதாப் புகார் இருக்கு. குடும்பச் செய்தியை அதுக்குப் பயன்படுத்துறது பெரிய குற்றம். உங்க மகளை வரச் சொல்லியிருக்கோம்."

கதவு திறந்தது. ரெபி வந்தாள். பனியன் இல்லை, காலேஜ் உடுப்பு. வந்து நின்று குழுவைப் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்த வைகுந்தன் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பிரேக் போடுறதுக்கு முன்னால இந்த விஷயமா அப்பாவுக்குச் செய்தி அனுப்பினியாம்மா?" என்றார் நீதிபதி.

"அனுப்புனேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாட்டேன் என்றவள் அனுப்பினாளா? எனக்காகவா? ஒரு நொடி சந்தோஷம்கூட வந்துவிட்டது, மறைப்பானேன்.

"என்னன்னு அனுப்பினே?"

"'அம்மா ஏதாவது சொன்னா நம்பாதீங்க அப்பா. உங்க பேரைக் கெடுக்கத்தான் பாக்காங்க. தாய்மடியிலயே இறங்குங்க, என் மேல சத்தியம்'னு அனுப்புனேன்." சொல்லும்போதே கண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை. "அம்மா படத்தைக் கொண்டுவந்து நீட்டினாங்க சார். நான் பாக்கல."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். புகார் போன திசையைப் பார்த்து அவருக்கே சங்கடம். "அதுக்கு அப்பா என்ன பதில் சொன்னார்?"

"'சரி ராசாத்தி, அப்படியே செய்யுதேன்'னு சொன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில், அந்த நேரத்தில், அடக்க முடியாத சிரிப்பு. முதல் குற்றம்! பதினொன்றில் முதல் குற்றம் அதுதானே? 'சரி' என்பான், சொன்ன வாக்கைக் காப்பாற்ற மாட்டான். பெற்ற பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அதையும் காற்றில் விட்டுவிட்டு முனைக்குப் போய் ஐந்து உயிரைக் காப்பாற்றியிருக்கிறான் அந்த மனுஷன்.

"எதுக்கும்மா சிரிக்கிறீங்க?" என்றார் நீதிபதி.

"ஒண்ணுமில்லைங்கய்யா. என் வழக்கு இன்னிக்குத்தான் ஜெயிச்சுது."

அவருக்குப் புரிந்திருக்காது. புரியவைக்க எனக்கும் பொறுமை இல்லை. எழுந்தேன். கடைசியாக ஒரு தரம், ஒரே ஒரு வரிதானே, சொல்லிவிட்டுப் போங்களேன் என்று கேட்டார். மாட்டேன் என்றேன். வைகுந்தன் தலை நிமிரவில்லை. அவரிடம் நான் எதுவும் கேட்கவும் இல்லை.

ரெபியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன். நடைவழியில் நின்றுவிட்டாள். "ம்மா, என்னை மன்…" என்று ஆரம்பித்தாள்.

"வாயை மூடு," என்றேன். "இந்தக் கட்டடத்துக்குள்ள நாம யாரும் யார்ட்டயும் மன்னிப்புக் கேக்கக் கூடாது. வெளிய வா."